மருந்து அடிக்காத வரிசை

அக்கா எங்களை விட்டுப் போய் இந்த ஐப்பசியோடு ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேர் அக்காவைத் தோளில் தூக்கி வளர்த்தவர்கள். மீதிப் பேர் அக்காவிடம் கல்லூரியில் பாடம் படித்தவர்கள். நீங்கள் இரு சாராரும் அக்காவைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் இரண்டு வேறு பெண்களைப் பற்றிப் பேசுகிறீர்களோ என்று எனக்கே சந்தேகம் வரும். அந்த இருவரும் ஒருவர்தான் என்று தெரிந்த ஆள் நான். அதனால்தான் மஞ்சக்குட்டைக்கும் ஏற்காட்டுக்கும் ஜீப் ஓட்டுகிற என்னை எழுதச் சொன்னார் அம்மா. "உனக்குத்தான் வாய் சாஸ்தி. பேசறதையெல்லாம் எழுதிப்போடு" என்றார். அம்மா பேச்சை நான் தட்டுவதில்லை. தட்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும்.

அக்கா பிறந்தது மஞ்சக்குட்டைக்கு மேலே, பஸ் போகாத சரிவில் இருக்கும் எங்கள் வீட்டில். சாமையும் கேழ்வரகும் வயிற்றுக்கு, காப்பியும் மிளகும் கைச்செலவுக்கு என்று அப்பா வைத்திருந்த தோட்டம்தான் எங்கள் முற்றம். அக்கா பள்ளிக்கு நடந்து போனார். மழை நாளில் காலில் ஏறிய அட்டையைப் பள்ளி வாசலில் நின்று பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். மேல்நிலைப் பள்ளிக்கு ஏற்காடு போக ஒண்டிக்கடை நிறுத்தம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனார். இதையெல்லாம் பெரிய கஷ்டம் என்று சொன்னால் அக்கா கோபித்துக்கொள்வார். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே போனார்கள் என்பார். எனவே அதை இதோடு விடுகிறேன்.

எங்கள் மலையில் மழைக்காலம் வந்தால் பூசணம் பிடிக்காத பொருள் கிடையாது. பெல்ட்டில் பிடிக்கும், செருப்பில் பிடிக்கும், அப்பா அம்மாவின் கல்யாணப் போட்டோவில் அப்பாவின் மீசை மேலேயே பிடிக்கும். அம்மா துணியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் அக்கா போய்க் குறுக்கே நின்றுகொள்வார். இது பச்சை, அது சாம்பல், நேற்று இது கடுகு அளவு, இன்று காசு அளவு என்று பார்த்துக்கொண்டே இருப்பார். மற்ற வீடுகளில் பிள்ளைகள் கோழிக்குஞ்சு வளர்த்தார்கள். எங்கள் வீட்டில் அக்கா பூசணம் வளர்த்தார்.

சேலத்துக் கல்லூரியில் தாவரவியல் முடித்து, பிறகு வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் படிக்கப் போனபோது சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். மாமன் ஒருவர், "பூசணத்துக்குப் போயி ஒரு படிப்பா? நம்மூட்டுல வருசத்துல ஆறு மாசம் சும்மாவே படிக்கலாமே கண்ணு" என்றார். அக்காவும் சேர்ந்து சிரித்தார். நுண்ணுயிர்களின் மரபணுக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆராய்ச்சி என்றதும் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் வந்தது.

"ஏங்கண்ணு, பூசணத்துக்குக்கூட அப்பன் ஆத்தா உண்டா?"

"உண்டுங்கம்மா. நம்மூட்டு மூக்கு நம்ம எல்லார்த்துக்கும் ஒரே மாதிரி இருக்குதில்லீங்க? அது மாதிரி அதுக்கும் வம்சம் உண்டு, சாயல் உண்டு."

அம்மா தன் மூக்கைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அக்கா எடுத்துக்கொண்ட பொருள் எங்கள் தோட்டத்திலேயே இருந்தது. காப்பி இலையின் அடிப்பக்கம் மஞ்சள் தூள் பூசினது போல் ஒரு நோய் வரும். இலைத் துரு என்போம். அது ஒரு பூஞ்சை. வந்தால் இலை உதிரும், செடி மொட்டையாகும், அடுத்த காய்ப்பு போகும். சில இலைகளில் அந்த மஞ்சளின் மேலே வெள்ளையாய், பஞ்சு ஒட்டினது போல் இன்னொரு பூஞ்சை வளரும். அது துருவைத் தின்று வாழ்வது. எங்கள் தோட்டத்து வெள்ளைப் பூஞ்சை மற்ற இடத்து வெள்ளையை விடத் துருவை வேகமாகத் தின்றது. எந்த மரபணு அதற்கு அந்தப் பலத்தைக் கொடுக்கிறது என்பதுதான் அக்காவின் கேள்வி. முதல் ஆண்டே எங்கள் செடிகளிலிருந்து அதை எடுத்துப் போய்க் கண்ணாடிக் குழாய்களில் வளர்த்தார். அதன் மரபணு வரிசையையும் படித்து வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு துரு இலை தெரிந்தாலும் வெளுத்த சட்டையில் வெற்றிலைக் கறை பட்டது போல் பதறுவார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீல மருந்தை மழைக்கு முன்னும் பின்னும் தவறாமல் அடிப்பார். அடுத்த தோட்டத்துக்காரர் அடிக்கவில்லை என்றால் அவரோடு பேச்சை நிறுத்திவிடுவார்.

அக்காவின் ஆராய்ச்சி முடியும் தறுவாயில் ஆய்வகத்தில் ஒரு விபரீதம் நடந்தது. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் குழாய்களுக்குள் புகுந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டன. உறைய வைத்திருந்த மறுபிரதியும் குளிர்ப்பெட்டி பழுதானதில் போய்விட்டது. அந்தப் பூஞ்சை உயிரோடு கையில் இருந்தால்தான் அக்கா எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க முடியும். இல்லையென்றால் அத்தனை வருட வேலையும் வெறும் தாள். அதே வம்சம் அந்த ஐப்பசிக்குள் மறுபடி கிடைக்காவிட்டால் வேறு தலைப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்குரிய காலமும் உதவித்தொகையும் இனி இல்லை, பட்டம் இல்லாமல் வீட்டுக்கு வரவேண்டியதுதான். அக்கா இவ்வளவையும் போனில் சொல்லி எங்களைக் கலக்க விரும்பவில்லை. "எங்க மேடத்தைக் கூட்டிக்கிட்டு வர்றேனுங்கப்பா. நம்ம தோட்டத்துல துரு நோவு பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

நோய் பார்க்க ஆள் வருகிறார் என்றால் அப்பாவின் அனுபவத்தில் அதற்கு ஒரே பொருள்தான். குறை கண்டுபிடிக்க அதிகாரி வருகிறார். அதுவும் மகளின் ஆசிரியர். அப்பா ஆள் கூட்டினார். துரு கண்ட இலைகளையெல்லாம் பொறுக்கிக் கிள்ளிக் குவித்துக் கொளுத்தினார். பிறகு கீழ் வரிசையிலிருந்து மேல் வரிசை வரை மருந்து அடித்தார். அக்காவையும் பேராசிரியர் அம்மையாரையும் ஒண்டிக்கடையில் ஏற்றிக்கொண்டு நான் ஜீப்பில் வந்து சேர்ந்தபோது, தோட்டம் முழுவதும் இலைகள் நீலம் பூத்து, கல்யாண வீடு மாதிரி இருந்தது. அப்பா சலவைச் சட்டை போட்டு வாசலில் நின்றார்.

"பாருங்க மேடம். ஒரு எலையில துரு காட்டிப்போடுங்க, எம் பேரை மாத்திக்கறேன்" என்றார்.

பேராசிரியர் அக்காவைப் பார்த்தார். அக்கா ஒரு செடியின் இலையைப் புரட்டினார். அடுத்த செடி, அதற்கடுத்தது என்று வரிசை முழுக்கப் புரட்டிக்கொண்டே போனார். கடைசியில் ஒரு பலா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்திருந்தது. ஆனால் அப்போது அக்கா சொன்ன வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"எங்கப்பா தோட்டத்தை நொம்ப நல்லா வெச்சிருக்காருங்க மேடம்."

அப்பா பெருமையோடு காப்பி சொல்ல உள்ளே போனார். அவர் போனபிறகுதான் அக்கா என்னிடம் விஷயத்தைச் சொன்னார். அப்பாவிடம் சொல்லாதே என்றும் சொன்னார். என் முகத்தில் எதுவும் தங்காது என்பது ஊருக்கே தெரியும். அப்பா காப்பித் தட்டோடு வந்தவர் என்னைப் பார்த்தார், "என்னடா" என்றார், நான் சொல்லிவிட்டேன். அப்பா தட்டைக் கீழே வைத்தார்.

"எம் புள்ள படிப்புக்கே மருந்தடிச்சுப்போட்டனே."

அக்கா எழுந்து போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க நல்லதுக்குத்தானுங்கப்பா பண்ணுனீங்க. நாந்தான் வெவரமாச் சொல்லியிருக்கோணும்" என்றார்.

எங்கள் தோட்டத்தின் மேல் மூலையில் நாங்கள் சாமியாகக் கும்பிடும் ஒரு நடுகல் உண்டு. அதன் பக்கத்தில் இருக்கும் ஒரு காப்பிச் செடியைச் சாமிக்கு விட்டிருக்கிறோம். தோட்டம் வைத்த காலத்திலிருந்து அதில் கத்தி வைப்பதில்லை, மருந்து அடிப்பதில்லை, கையால் ஒன்றும் பறிப்பதில்லை. பழம் குருவிக்கும் அணிலுக்கும். வெளியூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் மலையில் பல தோட்டங்களில் இப்படி ஏதாவது ஒன்று விட்டிருப்பார்கள். அந்தச் செடியைப் பற்றி யாருக்கும் நினைவு வரவில்லை, ஏனென்றால் அதை நாங்கள் தோட்டத்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சும்மா நடந்து பார்க்கப் போன பேராசிரியர்தான் மேலேயிருந்து கூப்பிட்டார்.

ஓடிப் போய்ப் பார்த்தோம். செடி முழுக்கத் துரு. குனிந்து கீழிருந்து பார்த்தால் மஞ்சளுக்கு நடுவே அங்கங்கே வெள்ளை. பேராசிரியர் சந்தோஷத்தில் கையை நீட்டினார்.

"மேடம், பறிக்கக் கூடாதுங்க" என்றார் அக்கா.

"ஒரே ஒரு இலைதானேம்மா. உன் பட்டமே இதுல இருக்கு."

"தெரியுமுங்க. நான் கை வெச்சா எங்கப்பா ஒண்ணுமே சொல்ல மாட்டாரு. இன்னைக்கு அவரு இருக்கற நெலமைக்கு அவரே பறிச்சுக் குடுத்தாலும் குடுப்பாரு. அதனாலதான் வேண்டாங்கறேன்."

அப்பா கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா சொன்னது உண்மைதான். கேட்டிருந்தால் பறித்துக் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு அவர் எப்படி இருந்திருப்பார் என்பது அக்காவுக்குத் தெரியும்.

அம்மாதான் வழி சொன்னார். "பறிக்கத்தானே கூடாது. உதுர்றது எல்லார்த்துக்கும் பொதுதானே?"

அது சரிதான். துரு பிடித்த இலை தானாகவே உதிரும். ஆனால் கீழே ஏற்கெனவே உதிர்ந்து கிடந்தவை ஆகாது என்றார் அக்கா. மண்ணில் பட்டால் மண்ணிலுள்ள பூஞ்சையெல்லாம் ஏறிக்கொள்ளும், எங்கள் வெள்ளையைப் பிரித்தெடுப்பது பாடாகிவிடும். மண்ணைத் தொடாமல் இலை விழ வேண்டும். அம்மா வீட்டுக்குள் போய், அப்பாவுக்குத் தீபாவளிக்கு எடுத்து வைத்திருந்த புது வேட்டியைக் கொண்டுவந்தார். நான் நான்கு குச்சி நட்டேன். குழந்தைக்குத் தூளி கட்டுவது போல வேட்டியைச் செடியைச் சுற்றித் தாழக் கட்டினோம். செடியை அசைக்கவும் கூடாது என்பதால் கட்டி முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

பிறகு ஐந்து பேரும் உட்கார்ந்து ஓர் இலைக்காகக் காத்திருந்தோம். அம்மா பொரி கொண்டுவந்தார். பேராசிரியர் காலை நீட்டி உட்கார்ந்து அம்மாவிடம் சாமைச் சோற்றுக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் விழுந்த இலைகளில் துரு மட்டும்தான் இருந்தது. அக்கா ஒவ்வொன்றையும் இடுக்கியால் எடுத்துப் பார்த்து ஒதுக்கினார். மலை மேல் மேகம் இறங்கத் தொடங்கியது. இருட்டுவதற்கு முன் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவர்களைச் சேலத்தில் விடவேண்டும் என்று நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

அப்பா எழுந்து கல்லுக்கு முன்னால் போய் நின்றார். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவது போல்தான் பேசினார்.

"ஏனுங்க சாமி, உங்க செடியில நாங்க இதுவரைக்கும் கை வெச்சதில்லீங்க. இன்னைக்கும் வெக்கலீங்க. எம் புள்ள உங்களுக்கோசரம் அவ படிப்பையே உட்டுட்டு உக்காந்திருக்குது. நீங்களாப் பாத்து ஒண்ணு உட்டீங்கன்னா எடுத்துக்கறோமுங்க."

உடனே இலை விழுந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். விழவில்லை. மேகம் வந்து மூடி, இலைகளில் ஈரம் ஏறி, நான் ஜீப்பை எடுக்கலாம் என்று எழுந்த பிறகுதான் ஓர் இலை வேட்டியில் விழுந்தது. சத்தமே இல்லை. அக்கா புரட்டினார். மஞ்சளுக்கு நடுவில் வெள்ளை, சுண்டு விரல் நகம் அளவுக்கு. அக்கா யாரையும் பார்க்காமல் அதை உறைக்குள் போட்டு மூடிவிட்டு, அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அப்பா, "அழுவாத சாமி, அழுவாத" என்று தானும் அழுதார்.

ஆய்வகத்தில் அதை வளர்த்து மரபணு வரிசையைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அக்கா போன் செய்தார். "அதே வம்சந்தானுங்கப்பா." அப்பா அன்று மஞ்சக்குட்டை டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொல்லி, எங்கள் சாமிச் செடி யுனிவர்சிடியில் பாஸாகிவிட்டது என்றார். அந்தத் தீபாவளிக்குக் துரு இலைக் கறை பட்ட அந்த வேட்டியைத்தான் கட்டினார். பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வின்போது முன்வரிசையில் போய் உட்கார்ந்ததும் அதே வேட்டியில்தான்.

அதன் பிறகு அக்கா கீழே ஒரு கல்லூரியில் பேராசிரியரானார். மாமாவைக் கைப்பிடித்தார். மாமாவைப் போன்ற பொறுமைசாலி அக்காவுக்குக் கிடைத்ததும் எங்கள் பாக்கியம்தான். வீட்டு ஃபிரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் பூஞ்சைக் குழாய் இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்காதவர். ஒவ்வொரு ஐப்பசியிலும் அக்கா மாணவிகளை அழைத்துக்கொண்டு மேலே வருவார். வேட்டி கட்டுவார்கள், உட்காருவார்கள், இலை விழக் காத்திருப்பார்கள். பறித்தால் சீக்கிரம் முடியுமே என்று கேட்ட பெண்களுக்கெல்லாம் அக்கா பொரியைக் கொடுத்து உட்கார வைத்தார்.

அப்பா ஒவ்வோர் ஆண்டும் அதற்கு முன் போனில் கேட்பார். "இந்த வருசம் மருந்தடிக்கட்டுமா கண்ணு, இல்ல ஒரு வரிசை உனக்கு உட்டு வெக்கட்டுமா?" அக்கா ஒவ்வோர் ஆண்டும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "நீங்க அடிங்கப்பா. உங்களுக்கு நோவுச் செடியப் பாத்தா தூக்கம் வராது. நமக்குச் சாமிச் செடி போதும்."

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அக்கா எங்களைவிடத் தைரியமாக இருந்தார். சிகிச்சையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்பதால் மண், பூ, பூசணம் எதன் அருகிலும் போகக்கூடாது என்றார் மருத்துவர். மலைக்கு வரவே கூடாது. அக்கா சிரித்தார். "இத்தன வருசம் நான் அதுங்களப் பாத்துக்கிட்டேன். இப்ப அதுங்க வந்து என்னப் பாக்கக் கூடாதாம்" என்றார். சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

போன ஐப்பசியில் அக்காவுக்குச் சாமிச் செடியைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. நான் வீடியோ காலில் காட்டலாம் என்றேன். இலையின் அடிப்பக்கத்தைக் காட்ட வேண்டும், ஆனால் இலையைத் தொட்டுத் திருப்ப முடியாது. அப்பா போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். முழங்கால் மடக்க முடியாத மனிதர், ஈர மண்ணில் மல்லாந்து படுத்து, செடிக்கு அடியில் தலையைக் கொண்டுபோய், போனை மேலே தூக்கிப் பிடித்தார்.

"வெள்ளை வந்திருக்குதுங்களாப்பா?"

"வந்திருக்குது சாமி. நெறைய வந்திருக்குது. நல்லாப் பாரு."

சிக்னல் விட்டு விட்டு வந்தது. அது மறுபடி வரும்வரை அப்பா எழுந்திருக்கவே இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் அக்கா போய்விட்டார்.

அக்காவைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்யப் போகிறோம்? கேட்ட நேரத்துக்கெல்லாம் மலையிறங்கி வந்து ரத்தம் கொடுத்த ஒண்டிக்கடை ஸ்டாண்டு ஓட்டுநர் தம்பிகள், அக்காவின் தலையை மடியில் வைத்துச் சோறு ஊட்டிய செவிலியர்கள், கடைசி நாள்வரை மருத்துவமனைக்கு வந்து அக்காவுக்கு எதிரில் அழாமல் இருந்த பேராசிரியர் அம்மையார், கிளியூரிலிருந்து தினமும் அம்மாவுக்குத் துணைக்கு வந்த சித்தி, எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். அந்த வெள்ளைப் பூஞ்சை இன்றும் உயிரோடு இருக்கிறது. அதை மாற்றி மாற்றி வளர்த்து வரும் அக்காவின் மாணவிகளே, உங்களை நாங்கள் இந்த வீட்டுப் பெண்களாகவே நினைக்கிறோம். மாமா, உங்களுக்கு நன்றி சொன்னால் அக்கா என்னை அடிப்பார்.

கடைசியாக உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலாண்டுக் காரியத்துக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் தோட்டத்தைப் பார்ப்பீர்கள். சாமிச் செடியை ஒட்டி ஒரு முழு வரிசை மஞ்சளாய்த் துரு பிடித்து, பாதி மொட்டையாய் நிற்கும். மருந்து தீர்ந்துபோய் அல்ல, ஆள் கிடைக்காமலும் அல்ல. தயவுசெய்து அப்பாவிடம் தோட்டத்தை இப்படி விட்டுவிட்டீர்களே என்று கேட்டுவிடாதீர்கள். நானே போன வாரம் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஊரே வருகிறதே, அந்த ஒரு வரிசையையும் சுத்தம் பண்ணிவிடலாமா என்றேன். அப்பா என்னிடம் திரும்பிக் கேட்டார்.

"எல்லாத்தையும் சுத்தம் பண்ணிப்போட்டா, உங்கக்கா வந்தா அவளுக்கு இங்க என்னடா இருக்குது?"

— தம்பி